மாதாவின் அளவு

சாந்தோமில், பெரிய சாலையை விட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பும் சந்து ஒன்றில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. அந்த மாதா சாதாரணப் பெண்பிள்ளை உயரம். அல்போன்சா டீச்சரும் சரியாக அதே உயரம். இடுப்பளவும் ஒன்றுதான். பரம்பரைச் சொத்து என்று எதுவும் வராத டீச்சருக்கு இது ஒன்று எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்தவள் செசிலி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். எழுபத்தைந்தைத் தாண்டியவள். மாதாவுக்குச் சேலை கட்டும் உரிமை அவள் கையில்தான் இருந்தது. மாதா நிற்பது உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். மேலே போகும் மரப்படியில் ஒருத்தி நிற்கத்தான் இடம். அங்கே நின்றுகொண்டு கொசுவம் வைப்பதெல்லாம் நடக்காது. அதனால் சேலையை முதலில் கீழே, பூசை அறைக்குப் பக்கத்து அறையில், மாதா அளவுள்ள ஒரு பெண்ணுக்குக் கட்டுவார்கள். கொசுவத்தை மடித்து, ஊசி குத்தி, இடுப்பு நாடாவோடு சேர்த்து நூலோட்டி, அப்படியே பாவாடை போலக் கழற்றி மேலே கொண்டுபோய் மாதாவுக்கு மாட்டுவார்கள். தையல் டீச்சராக ஓய்வு பெற்ற அல்போன்சா கோயிலுக்கு நூலோட்டத்தான் வந்தாள். வந்த முதல் நாளே செசிலி அவளை ஏற இறங்கப் பார்த்து, தோளைப் பிடித்துத் திருப்பி, சேலையை இடுப்பில் சுற்றிவிட்டாள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள். மாதவிடாய் நின்றுவிட்டதா என்று. இந்த வேலைக்குச் செசிலி வைத்திருந்த ஒரே சட்டம் அது. எந்தச் சாமியாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனாலும் அந்தச் சந்தில் அதை மீறிப் பேச ஆள் கிடையாது. நின்று பல வருடம் ஆயிற்று என்றாள் டீச்சர். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, மாதாவுக்கு முன்னால் மாதாவின் சேலை டீச்சருக்குத்தான்.

அந்த நேரம் டீச்சருக்கு மிகவும் பிடிக்கும். செசிலி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருவாள். பேச்சு இருக்காது. ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் தண்ணீர் போல ஆடும். சந்துக் கோடியில் கடல் மூச்சு விடும். அசையக் கூடாது என்பதால் டீச்சர் கண்ணைப் பாதி மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். தான் மரத்தால் செய்யப்பட்டவள் என்றும், இந்தக் கைகள் இருநூறு வருடமாகத் தன்னை உடுத்திக்கொண்டிருக்கின்றன என்றும் தோன்றும். பள்ளிக்கூடம், மகன் ஜாக்சனின் கப்பல் வேலை, இல்லாமல் போன கணவர், எல்லாம் எங்கேயோ கரையில் தெரியும். செசிலி இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி, முடிந்தது என்று தலையாட்டும்போது, அவளுக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

இப்படி நிற்கவும் ஒரு காலத்தில் முடியாமல் போயிருக்கும். ஓய்வு பெற்ற புதிதில் அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியது. வகுப்பில் தையல் மெஷின்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் போட்ட வருடங்களோ, ஜாக்சன் குண்டாகப் பிறந்ததோ, காரணம் எதுவானாலும், எங்கே உட்கார்ந்தாலும் ஒரு நூற்கண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நின்றால் கீழே ஏதோ நழுவியது. கன்னியர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சிஸ்டர் இருந்தார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றால் இது போதும் என்று, கைக்கடக்கமான ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே பொருத்திவிட்டார். ரிங் என்றார்கள். நூற்கண்டு மறைந்தது. டீச்சர் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கடற்கரை வரைக்கும் நடந்தே போனாள், சும்மா, நடக்க முடிகிறது என்பதற்காக.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் வைப்பேன் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். டீச்சரும் ஒழுங்காகப் போனாள். பிறகு ஊரடங்கு வந்தது. ஆஸ்பத்திரியை மூடினார்கள். சிஸ்டரை ஜார்க்கண்டுக்கு மாற்றினார்கள். வேறு டாக்டரிடம் போவதென்றால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், முதலிலிருந்து கால் அகட்ட வேண்டும். அடுத்த மாதம் போகலாம் என்றாள். கிறிஸ்மஸ் முடியட்டும் என்றாள். ரிங்கோ உள்ளே இருப்பதே தெரியாமல் இருந்தது. தொந்தரவு தராத ஒன்றைப் போய் யார் தொந்தரவு செய்வார்கள்? மெல்ல மெல்ல அது இருக்கிற நினைப்பே போய்விட்டது. வருடங்கள் ஓடின.

இந்த வருடம் தவக்காலத்தில்தான் அந்த வாடை தொடங்கியது.

சேலை கட்டும் அறையில் முதலில் தெரிந்தது. அழுகல் என்றும் சொல்ல முடியாது, கவிச்சி என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. டீச்சர் மனதுக்குள், பாவம் செசிலி அக்கா, காலையில் மீன் நிறைய வந்திருக்கும் போல, குளிக்க நேரமில்லை என்று நினைத்துக்கொண்டாள். செசிலி எப்போதும் இரண்டு முறை குளித்து, தலைக்குச் சாம்பிராணி பிடித்துக்கொண்டு வருகிறவள் என்பது டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

வீட்டில் மருமகள் கரோல் குளியலறையில் வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டாள். அடுத்த வாரம் கூடத்தில் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வாரம் டீச்சரின் கட்டிலுக்குப் பக்கத்தில், லாவெண்டர் என்று எழுதிய ஊதா டப்பா. கரோல் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் ஜூலையில் வந்த கொசுவைக் காரணம் சொல்லி ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாள்.

அந்த மாத முதல் சனிக்கிழமை ஒரு வெண்ணெய் நிறப் பட்டு வந்தது, யாரோ நேர்ச்சையாகக் கொடுத்தது. கொசுவம் நன்றாக அமைந்திருந்தது. மெழுகுவத்தி ஏற்றச் செசிலி வெளியே போனபோது டீச்சர் சேலையைக் கழற்றினாள். உள்சுற்றில் ஒரு கறை. காசளவு. விளிம்பில் பழுப்பு, நடுவில் சிவப்பு.

அவள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபத்தாறு வயதில் உடம்பு ஒரு பழைய கதவைத் திறந்துவிட்டது என்றுதான் முதலில் பட்டது. தெருவில் ஒரு பால் வண்டி போனது. பிறகு கண் முன்னால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வாடை, வாசனை டப்பாக்கள், உள்ளே மறந்துபோன அந்த வளையம். சேலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, ஒரு இடத்தில் பட்டு நைந்திருக்கிறது, வீட்டில் சரி செய்து தருகிறேன் என்று செசிலியிடம் சொன்னாள். மாதாவுக்கு அன்று பழைய பச்சைச் சேலை. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அலசினாள். கறை போய்விட்டது. சட்டப்படி அவளும் போயிருக்க வேண்டும். போக மனம் வரவில்லை. அந்த நீல வெயிலையும் அந்தக் கைகளையும் விட்டுவிட்டு அவள் வேறு எங்கே போய் நிற்பாள்?

ஆகஸ்ட் தொடக்கத்தில், செப்டம்பர்த் திருவிழாவுக்காக மாதா சபைக் கூட்டம் நடந்தது. சபைத் தலைவி கையில் கைக்குட்டையோடு, ரொம்ப நயமாக, ரொம்ப அன்பாகப் பேசினார். கொஞ்ச நாளாகவே மாதா பக்கத்தில் ஒரு வாடை வருகிறது, பலர் சொல்கிறார்கள், செசிலியம்மாவுக்கும் வயதாகிவிட்டது, இந்த வருடம் அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தால் போதும், அல்போன்சா டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மீன் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அறை முழுக்க அது கிடந்தது.

செசிலி சரி என்றாள். எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினாள். டீச்சர் பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், நீ சொல்லு. நீதானே கிட்டக்க நிக்கிற. எம்மேல வாடை வருதா?"

அவள் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணில் எலுமிச்சை தேய்த்த வெள்ளை இருந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா."

டீச்சர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். மறுநாள் மதியம் கரோல் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் போய்ப் பக்கத்தில் நின்றாள். ரிங்கைப் பற்றிச் சொன்னாள், கறையைப் பற்றிச் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கரோல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை. ஏதோ சரியில்லன்னு. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல."

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஊதா டப்பாவைப் பார்த்தார்கள். கரோல் அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். கூச்சத்தில் இருவருமாகச் சேர்ந்து ஒரு உடம்பை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் யார் மேல் கோபப்படுவது?

கரோல் கூட்டிப்போன டாக்டர் வஜீஹாவின் கிளினிக் திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது. டாக்டர் திட்டவில்லை. அதுவே டீச்சருக்குப் பாரமாக இருந்தது. பரிசோதித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னார். ரிங் இத்தனை வருடம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண்ணாக்கியிருக்கிறது. புண் ஆறப் பார்த்து, ஒரு பக்கம் சதை ரிங்கின் மேலேயே வளர்ந்து மூடிவிட்டது. வாடையும் ரத்தமும் அங்கிருந்துதான். மாதவிடாய் இல்லை. இப்படியே விட்டிருந்தால் மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழுந்திருக்கும். இந்த வயதில் ரத்தம் வந்தால் எதற்கும் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தினமும் தடவ ஒரு களிம்பு, சதை கொஞ்சம் இளகட்டும், பிறகு மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம்.

"ரிங் நல்லதுதாம்மா. நிறைய பேருக்கு நான் வைக்கிறேன். வச்சிட்டு மறக்கக் கூடாது, அவ்ளோதான்."

மாதவிடாய் இல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு டீச்சர் ஆட்டோவில் வந்தாள். அப்படியென்றால் சட்டம் மீறப்படவில்லை. காயத்துக்குச் செசிலியின் சட்டத்தில் இடமே இல்லையே. யாரிடமும் எதுவும் சொல்லாமல், குணமானதும் போய் நின்றுகொள்ளலாம். மெரினா ஓரமாக ஆட்டோ ஓட, காற்று முகத்தில் அடிக்க, அந்த எண்ணம் மிகவும் இனிப்பாக இருந்தது. கலங்கரை விளக்கம் வரைதான் இருந்தது. அங்கே ஒரு பெண் கூடையோடு சாலையைக் கடந்தாள். தலையில் முக்காடு, கையில் எலுமிச்சைப் பழப் பை. அது செசிலி இல்லை. இருந்தாலும் அந்த எண்ணம் அதோடு போயிற்று.

சதைப் பரிசோதனை முடிவில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மயக்கம் கொடுத்தார்கள். ஊசி ஏறும்போதே அறை நீலமாகியது. டீச்சர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றிருந்தாள். கடல் சந்து வழியாக மெதுவாக ஏறிக் கோயிலுக்குள் வந்திருந்தது. பெஞ்சுகள் மிதந்தன. யாருக்கும் அவசரமில்லை. கீழே செசிலி இடுப்பளவுத் தண்ணீரில் வாயில் குண்டூசியோடு நின்று, எதையோ கேட்க அண்ணாந்து பார்த்தாள். டீச்சரின் மடியிலிருந்து அந்த வளையம் நழுவித் தண்ணீரில் இறங்கிற்று. வெள்ளி மீன்கள் ஒவ்வொன்றாக அதற்குள் புகுந்து மறுபக்கம் போயின. செசிலி கேட்டது காதில் விழவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது.

விழித்தபோது டாக்டர் ஒரு தட்டைக் காட்டினார். இரண்டாக வெட்டி எடுத்த வளையம், பழுப்பேறி, யாரோ கடித்துத் துப்பிய முறுக்குத் துண்டு போலக் கிடந்தது. இவ்வளவு சின்னதா என்றாள் டீச்சர். புண் ஆறும்வரை வேறு ரிங் கிடையாது, பழையபடி இறக்கம் தெரியும், பாரம் தூக்காதீர்கள், ஆறியதும் வேறு ரிங்கா அறுவை சிகிச்சையா என்று பேசலாம் என்றார். நூற்கண்டு திரும்ப வந்துவிட்டது.

நாலு நாள் படுத்துவிட்டு, கரோல் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்த காலை ஒன்றில், டீச்சர் ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் போனாள். செசிலி பெரிய நெகிழித் தாளுக்குக் கீழே உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவர்கள் போகும்வரை டீச்சர் நின்றாள். பிறகு நிற்க முடியாமல் கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த வாடை உங்களோடது இல்ல. என்னோடது."

செசிலியின் கை நிற்கவில்லை. டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். ரிங், புண், பட்டில் பட்ட ரத்தம், பை, உப்புத் தண்ணீர். காயம்தான், மாதவிடாய் இல்லை என்பதைச் சொல்ல நினைத்திருந்தாள். சொல்லும் இடம் வந்தபோது அது தனக்காகச் சொல்வதாகத் தெரிந்தது. விட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் கேட்டேன்," என்றாள் செசிலி, மீனைப் பார்த்து.

"கேட்டீங்க."

"தெரியலன்ன."

"ஆமா அக்கா."

செதில்கள் பறந்து டீச்சரின் சேலையில் ஒட்டின. அவள் தட்டிவிடவில்லை. செசிலி அந்த மீனை முடித்து, அடுத்த மீனை எடுத்தாள்.

"வூட்டுக்குப் போ டீச்சர். வெயில் ஏறிக்கினு கீது."

டீச்சர் வீட்டுக்குப் போனாள். போனதும் சபைத் தலைவிக்குப் போன் போட்டு, அதே செய்தியை அதே சொற்களில் சொன்னாள்.  உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. அன்று சாயங்காலமே செசிலியை வரச்சொல்லி ஆள் அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. செசிலி வர முடியாது என்று ஆளைத் திருப்பி அனுப்பியதும் தெரிந்தது. டீச்சர் படுத்துக்கொண்டு கூரை விசிறியைப் பார்த்தாள். திருவிழாக் கொடியேற்றத்து வேட்டுச் சத்தம் வந்தது. திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நவநாள்களும் ஒவ்வொன்றாகப் போயின. தன் இடம் போய்விட்டது, அது போகட்டும். செசிலியின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டோமே என்பதுதான் தாங்கவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. கரோல் திறந்தாள். செசிலி, குளித்த ஈரத்தலையோடு, கையில் பிளாஸ்டிக் கூடை. உள்ளே வந்து நேராகக் கட்டிலருகே நின்று, கூடையிலிருந்து வான நீலப் பட்டுச் சேலை ஒன்றை எடுத்தாள்.

"அந்தத் தலைவியம்மாவே வூட்டாண்ட வந்து மன்னிப்பு கேட்டுச்சு. இன்னா பண்றது, வந்தேன். ரெண்டு பொம்பளைக்கு இத்தைக் கட்டிப் பாத்தேன். ஒருத்திக்குத் தூக்கிக்குது, ஒருத்திக்குத் தரையில இழுக்குது. எழுந்திரு."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"அக்கா, இன்னும் லேசா ரத்தம் வருது."

செசிலி சேலையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கரோலிடம் இரண்டு பழைய துண்டு கேட்டாள். அவற்றை மடித்து, பெற்ற பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி டீச்சரின் உள்பாவாடைக்குள் வைத்து நாடாவை இறுக்கினாள். சட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டுச் சேலையை இடுப்பில் செருகினாள். செருகியவள் குண்டூசியை வாயில் வைக்கப் போய், வைக்காமல் நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

தவக்காலத்திலிருந்து டீச்சரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. டாக்டர் எங்கே வலி என்று கேட்டார், அது வேறு. டீச்சர் தலையை ஆட்டினாள். ஆட்டியதும் அழுகை வந்துவிட்டது. செசிலி காத்திருந்தாள். அழுது முடித்ததும், ஆடாதே, கொசுவம் கலையும் என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலில் நீலக் கண்ணாடி கிடையாது. வெறும் வெள்ளை வெயில்தான். இருந்தும், அந்தக் கைகள் சுற்றிவரத் தொடங்கியதும் தரை லேசாக ஆடியது. இந்த முறை டீச்சர் மரமாகவில்லை. கீழே நூற்கண்டு பாரமாக இழுத்தது, புண் சுள்ளென்றது. வலது காலில் நிற்க முடியாமல் இடது காலில் பாரத்தைப் போட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செசிலி அதைப் பார்த்தாள். நேராக நில் என்று சொல்லவில்லை. அவள் நின்றபடிக்கே கொசுவத்தை மடித்தாள்.

மறுநாள் கரோல் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். கோயில் நிறைந்து சந்து வரை ஆட்கள். செசிலி மேலே, மரப்படியில் நின்று முந்தானைக்குக் கடைசி ஊசி குத்திக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு முன் பெஞ்சில் இடம் விட்டார்கள். செசிலி இறங்கியதும் கூண்டின் திரை விலகிற்று. வான நீலப் பட்டில் கொசுவம் நேராக விழவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. இத்தனை வருடம் இரண்டு காலையும் சேர்த்து விறைப்பாக நின்ற மாதா, இன்று ஒரு காலில் பாரம் போட்டு, எதையாவது பிடித்துக்கொண்டால் தேவலை என்பது போல நின்றாள்.

கரோல் குனிந்து டீச்சரின் காதில் சொன்னாள்.

"அத்தை, மாதா உங்கள மாதிரியே நிக்கிறாங்க."